ஒரு செடி, பத்துப் படங்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ஓவிய ஆர்வமுள்ள குடியிருப்போருக்காக நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கொலு சமயத்தில் கீழே கூடத்தில் நாம் வைத்த ஓவியங்களைப் பார்த்துவிட்டு, இங்கே வரைகிற மூன்று நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "யூடியூப் பார்த்து ரோஜா, தாமரை, சூரியகாந்தி எல்லாம் ஓரளவு நன்றாகவே வருகிறது. வீட்டிலும் பாராட்டுகிறார்கள். ஆனால் இது என் படம் என்று எனக்கே தோன்றவில்லை. அடுத்து எந்தப் பக்கம் போவது?" கேட்டவர்களில் பாதிப் பேர் பணி ஓய்வுக்குப் பிறகு தூரிகை எடுத்தவர்கள். இன்னும் இருபது வருடம் வரைந்து பாருங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில், அந்தப் படம் ஏன் உங்களுடையதாகத் தோன்றவில்லை? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், எத்தனை இலை இருக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் வீடியோவில் இருப்பவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். நாம் கையை மட்டும் கொடுக்கிறோம். கைப்பழக்கத்துக்கு அது நல்லது. ஆனால் அந்த முடிவுகளை நாமே எடுக்கத் தொடங்கும்போதுதான் நமக்கென்று ஒரு வழி தெரியும். அதற்குப் பூவைப் போல வசதியான பொருள் இல்லை. செலவில்லை, அசையாது, ஆனால் காத்திருக்கவும் செய்யாது.

வான்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியராவது என்று அவர் முடிவெடுத்தது 27 வயதில். 1885-இல் அவர் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தில் பழுப்பும் கறுப்பும்தான் நிறைந்திருக்கும். மறு வருடம் பாரிஸுக்குத் தம்பி தியோவிடம் வந்தார். மனிதர்களை வரையத்தான் ஆசை. ஆனால் மாடல்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. அதனால் பூக்களை வரைந்தார். அதிலும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்: நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா. பாப்பி, ரோஜா, செவ்வந்தி என்று மாற்றி மாற்றி இதையே பழகினார். இரண்டு வருடம் கழித்து, 1888 ஆகஸ்டில், ஆர்ல் நகரில் நண்பர் கோகன் தங்கப்போகும் வீட்டை அலங்கரிக்கச் சூரியகாந்திகளை வரைந்தார். பூ சீக்கிரம் வாடிவிடும் என்பதால் சூரியன் உதிக்கும்போதே வேலையைத் தொடங்கினார். மஞ்சள் பின்னணியில் மஞ்சள் பூ வைக்கும் துணிச்சல், பாரிஸில் செய்த அந்தப் பயிற்சியிலிருந்து வந்தது.

இன்னொருவர் அமெரிக்காவின் ஜார்ஜியா ஓ'கீஃப். 1924 வாக்கில், பூவை மிகப் பெரிதாக வரையத் தொடங்கினார். யாரும் பூவை நின்று பார்ப்பதில்லை, பெரிதாக இருந்தால் பார்த்தே ஆக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1932-இல் வரைந்த ஒரு வெள்ளைப் பூ, 48 அங்குல உயரமும் 40 அங்குல அகலமும் கொண்ட கான்வாஸை நிறைக்கிறது. 2014-இல் அது 4 கோடி 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது என்ன பூ தெரியுமா? நம் ஊமத்தைக்குச் சொந்தக்காரச் செடியின் பூ. நம் ஊரில் காலி மனையில் தானாக முளைக்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத இனம். அவர் வரைந்தது ஒரு பூவை. முடிவு செய்தது ஒன்றே ஒன்று, அளவு.

இப்போது நம் வளாகத்துக்கு வருவோம். கேட் பக்கத்தில் செம்பருத்தி இருக்கிறது. காலையில் விரிந்தால் பெரும்பாலும் அன்று மாலைக்குள் சுருங்கிவிடும். அதைப் பத்துத் தடவை வரையுங்கள். 8-க்கு 10 அங்குல கான்வாஸ் போர்டு போதும். ஒரு வெள்ளை, ஒரு நீலம், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, நான்கே டியூப். ஒரு படத்துக்கு ஒரு காலை. பத்தும் முடிந்ததும் சுவரோரம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருவர் ஒவ்வொரு தடவையும் இலைகளை விட்டிருப்பார். ஒருவர் போகப் போகப் பூவின் நடுப்பகுதிக்குள் நுழைந்திருப்பார். இன்னொருவர் பூவைவிடச் சுவரில் விழுந்த நிழலைக் கவனமாக வரைந்திருப்பார். யாரும் சொல்லாமல் நீங்கள் திரும்பத் திரும்பச் செய்த அந்தக் காரியம்தான் உங்கள் வழி. அடுத்த பத்துப் படங்களை அதிலிருந்து தொடங்குங்கள்.

எண்ணெய் வண்ணம் இதற்கு ஏற்றது. மெதுவாகக் காய்வதால், பிடிக்காத இதழை அன்றே கத்தியால் வழித்துவிட்டு மறுபடி போடலாம். நந்தியாவட்டை போன்ற வெள்ளைப் பூ என்றால், டியூபில் இருக்கும் சுத்த வெள்ளையைக் கடைசி வரை எடுக்காதீர்கள். நிழல் பக்கத்து இதழில் இலையின் பச்சையும் வானத்தின் நீலமும் கலந்திருக்கும். வெயில் நேராக விழும் ஓரத்தில் மட்டும் வெள்ளை வைத்தால் பூ எழுந்து நிற்கும்.

சிவப்பு வாங்கும்போது லேபிளில் ஒளி தாங்கும் தரத்தைப் பாருங்கள். வான்கோ 1890-இல் இளஞ்சிவப்பாக வரைந்த ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளையாக இருக்கின்றன. அவர் பயன்படுத்திய சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது.

அடுக்குமாடியில் வரைபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் காய்கிறது. அப்போது சூடு உண்டாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். டர்பன்டைனை சிங்கில் ஊற்றாதீர்கள், அது நம் எஸ்.டி.பி.க்குத்தான் போகும். ஒரு பாட்டிலில் வைத்தால் வண்ணம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். வரையும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கண்டுபிடித்த வழியிலேயே ஆயுள் முழுக்கப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓ'கீஃப்கூடப் பிறகு நியூ மெக்ஸிகோவின் மலைகளையும் மாட்டு எலும்புகளையும் வரையப் போனார். பூக்களிடம் கற்ற உற்றுப்பார்க்கும் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோனார். அடுத்த கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த முறை ஒருவருக்கு ஒரு படம் வேண்டாம். ஒரே செடியின் பத்துப் படங்களைக் கொண்டு வாருங்கள், சுவரில் இடம் ஒதுக்கித் தருகிறோம்.