சினைப்பையும் இதயமும்

மாதவிலக்குத் தவறினால் "கலியாணமானால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுவது செட்டிகுளம் போன்ற நம் ஊர்களில் பழைய வழக்கம். தவறுதலுக்குப் பலமுறை காரணமாகும் சினைப்பை நீர்க்கட்டி நோயை 1935-ஆம் ஆண்டில் சிக்காகோ மருத்துவர்களான ஸ்டைன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களிடம் கண்டு எழுதினர். நீர்க்கட்டி என்னும் பெயரே பொருத்தமற்றது. அவை முதிராது நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள். பலரிடம் உடல் இன்சுலினுக்கு இணங்குவதில்லை. அதனால் சர்க்கரையும் குருதியழுத்தமும் கொழுப்பும் ஏறி, நாளடைவில் இதயக் குழாய்களைக் கெடுக்கின்றன. மெலிந்த பெண்ணும் இதற்கு விலக்கல்லள். நோய் தெரிந்தவுடன் கொழுப்பையும், ஆண்டுதோறும் குருதியழுத்தத்தையும் சோதிக்குமாறு 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நாட்டின் தொற்றாநோய்ச் சோதனைத் திட்டமோ 30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை நோக்கியது. இந்நோய் பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டுவது! ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதியழுத்தம் பார்க்கக் கட்டணமில்லை. தாயாரை உடனழைத்துச் செல்லுங்கள், அவருக்கும் பார்த்துவிடலாம்.