பாலர் வகுப்பில் விளையாட்டு
(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலர் வகுப்பில் விளையாட்டு நேரத்தைக் குறைத்து, எழுத்து நேரத்தைக் கூட்டவேண்டுமென்று சிலர் நம்மிடம் கேட்டுள்ளனர். "ஓரிடத்தில் அடங்கி உட்காரப் பழகட்டுமே, சாமி" என்கின்றனர். பழகவேண்டியதுதான். ஆனால் எங்ஙனம் பழகுகின்றனர்?

ரஷ்ய நாட்டில் மானுயிலென்கோ என்னும் ஆய்வாளர் 1948-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிறு பிள்ளைகளை அசையாது நிற்கச் சொன்னார். வெறுமனே "நில்" என்றபோது விரைவில் அசைந்துவிட்டனர். விளையாட்டிலே காவற்காரன் வேடம் கொடுத்ததும், அதே பிள்ளைகள் வெகுநேரம் நின்றனர். மூன்று வயதினருக்கு மட்டும் வேடத்தாலும் அதிகப் பயனில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

காரணத்தை வைகாட்ஸ்கி என்னும் உளநூல் அறிஞர் 1933-இல் லெனின்கிராடு நகரில் ஆற்றிய சொற்பொழிவிலேயே விளக்கியிருந்தார். விளையாட்டுக்கு விதி உண்டு. ஓடத் துடிக்கும் பிள்ளை விளையாட்டின் இன்பத்தை இழக்க மனமின்றித் தன் துடிப்பைத் தானே அடக்குகிறது. அங்கே அதட்டுவார் யாருமில்லை.

நம் வீடுகளில் காணாததா? கோவிலில் பத்து நிமிடம் தரிக்காத பையன், துண்டைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் 'பூசை வைக்கும்'போது எவ்வளவு பொறுமை! தங்கை வரிசை மீறினால் அவனே கண்டிக்கிறான். (சில வேளை நம் குரலிலேயே!) சொப்பு வைத்துச் சமைக்கும் சிறுமியும் 'சோறு வேகட்டும்' என்று காத்திருக்கிறாள்.

ஆகவே விளையாட்டு நேரம் குறையாது, சிலேட்டுக்கு அவசரமில்லை. வீட்டிலும் பிள்ளைகள் கூடி விளையாடும்போது, "இப்படிச் செய், அப்படிச் செய்" என்று நடுவே புகாதிருங்கள். சண்டை வந்தாலும் சற்றே பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களே விதியைப் பேசித் தீர்த்துக்கொள்வர்.