பாரசீக இளவரசனும் ராஜியும்



பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நம் இல்லத்திற்கு விடுமுறையில் வந்த தங்கை மகள் கணினி விளையாட்டொன்றை ஆட, அருகமர்ந்து இரண்டு மாலைகள் கண்டோம். புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் நிறுவனத்தார் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ அது. அசுரர் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடிச் செல்லும் கழைக்கூத்தாடிப் பெண்ணின் கதை. அவள் சுவர்மீது ஓடுவதும் தூண்பற்றித் தாவுவதும், 2003-இல் வந்த ‘பாரசீக இளவரசன்’ விளையாட்டின் வழிவந்தவை என்பது பார்த்தவுடனே விளங்கும்.

கடன் கொண்டது குற்றமன்று. மொழிபெயர்த்தே ஊதியம் பெறும் நாம் அதைக் குற்றமென்றால் நகைப்பார்கள். மூலத்தின் உயிர் எதுவென அறிந்து கொண்டனரா என்பதே வினா.

இளவரசன் தன் கதையைத் தானே கூறுகிறான். ஆடுபவர் தவறி மாண்டால், அவ்வாறு நிகழவில்லையே என்று தன்னைத் திருத்திக்கொள்கிறான். தோல்வியும் கதைக்குள் அடங்கிவிடுகிறது. ராஜியின் கதையையோ துர்க்கையும் திருமாலும் மேலிருந்து உரைக்கின்றனர். உரையாடல் இனிதே, ஆயினும் தம்பியை இழந்தவளின் நெஞ்சம் நமக்குத் தொலைவாகவே நிற்கிறது. இங்கே மூலமே மேல் என்போம். இராஜஸ்தானத்து மாளிகைகளை நினைவூட்டும் மாடங்களும், நிழற்பாவைக் கூத்தாய் விரியும் கதைப் பகுதிகளும் இளவரசனிடம் இல்லாதவை.

இவற்றைக் குழந்தையிடம் கூறினோம். “அந்த இளவரசனை நான் பார்த்ததே இல்லை, மாமா” என்றாள். வெல்லமிட்ட பெங்களூர்ச் சாம்பாரில் வளர்ந்தவள்; தஞ்சையில் பாட்டி வைத்த சாம்பாரை உண்டு, இதில் இனிப்பை மறந்துவிட்டீர்களா என்று கேட்டவளும் இவளே.