இந்த ஆண்டு நம் கால்பந்து அணி
(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

முன்னாள் மாணவ நண்பர்களே, கிரவுண்டிலிருந்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே,

வரும் சீசனில் நம் அணி எப்படி ஆடும் என்று பேசச் சொன்னார்கள். ஃபார்வர்டு நல்ல வேகம், கோல்கீப்பர் தைரியசாலி. ஆனால் கடைசி 20 நிமிடம் எல்லாருக்கும் கால் ஓய்ந்துவிடுகிறது. பயிற்சி குறைவில்லை. ராத்திரி வேலை பார்த்துட்டு, வெறும் டீயோட காலையில பந்தைத் தொடுறாங்க.

வியாசர்பாடியில் திறமைக்குப் பஞ்சமில்லை. 2018-ல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி.யில் ஆடிய தனபால் கணேஷ் நம்ம ஏரியா பிள்ளை. ஒரு காலத்தில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே அணியில் இடம் கிடைத்தால் வேலையும் கிடைத்த மாதிரி. இன்று அந்த வழி குறுகிவிட்டது.

மூன்றாம் ஆண்டில், அரையிறுதி அன்று எனக்கு எண்ணூரில் ஷிப்ட். யாரிடமும் சொல்லாமல் போய்விட்டேன். பத்து பேரோடு இறங்கித் தோற்றார்கள். இன்று என்ஜினியர், அந்த மேட்ச் இன்னும் உறுத்துது.

நண்பர்களே, பயிற்சி நாட்களில் 18 பேருக்கும் ஆளுக்கு 2 முட்டை, ஒரு டம்ளர் பால். சீசன் முடியும்வரை இதை நாம் ஏற்போம். முதல் மாதம் என் கணக்கு.

தம்பிகளா, ஷிப்ட் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. யாரும் திட்ட மாட்டோம்.