அளவான இடங்களும் அயல்நாட்டு விண்ணப்பமும்

(கோலார் தங்கவயலில் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்களிடையே நிகழ்த்திய உரை)



உங்கள் ஊரே குடிபெயர்ந்தோரால் உருவான ஊர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பொறுப்பை ஏற்ற பின்னர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்திறங்கிய உங்கள் மூதாதையரிடம் எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, நிலத்தின் அடியில் கற்ற திறனுக்கு நிலத்தின் மேல் மதிப்பில்லாமற் போயிற்று. இன்று மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி நாள்தோறும் பெங்களூர் சென்று உழைக்கும் உங்களுள் பலர் அயல்நாட்டு வேலையை நாடுகின்றீர்கள்.

எந்த நாடும் தன் கதவை முழுதும் திறந்து வைப்பதில்லை. 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கா இந்தியர்க்கு ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மட்டுமே. அந்நாட்டின் எச்-1பி தற்காலிகப் பணி அனுமதியும் ஆண்டுக்கு 65,000 என்ற வரம்புக்குட்பட்டது. அங்கேயே முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்கு மேலும் 20,000 உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பட்டதாரிகளுக்குரியது, ஐ.டி.ஐ. படித்தவர் அதை நம்பிக் காத்திருப்பது வீண். ஜெர்மனி, திறன்பெற்ற இந்தியருக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024-இல் அறிவித்தது. அங்கும் உங்கள் பயிற்சி அந்நாட்டுத் தகுதிக்கு ஈடானதா என்று பெரும்பாலும் ஆராயப்படும்.

இடங்களின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது நம் கையில் உள்ளது.

முதலில் பெயர். மதிப்பெண் பட்டியலில் தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக விரியும். ஆதாரில் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும். நமக்கு இவர் ஒருவரே என்று தெரியும். தொலைவிலிருந்து தாள்களை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு மூவராகத் தோன்றலாம். விண்ணப்பிக்குமுன் இவற்றைத் திருத்திக்கொள்க.

இதனினும் கடினமானது அனுபவச் சான்று. ஒப்பந்தக்காரரிடம் பணிபுரிவோர் ஐந்தாண்டு வெல்டிங் செய்திருந்தும் ஏட்டில் ‘ஹெல்பர்’ என்றே பதிவாகியிருப்பதுண்டு. பணியின் பெயர், செய்த வேலைகள், வார வேலை நேரம், ஊதியம், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகிய யாவும் நிறுவனத்தின் கடிதத் தாளில் கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். ஊதியச் சீட்டும் வங்கிக் கணக்கும் வருங்கால வைப்பு நிதிப் பதிவும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே இக்கடிதத்தைக் கேட்டுப் பெறுவது எளிது. ஒப்பந்தக்காரர் தொழிலை மூடிச் சென்றபின் எங்கே தேடுவது? கடிதம் கிடைக்கவில்லையென்று பொய்ச்சான்று தயாரிப்போரிடம் செல்வது பெருங்கேடு. கனடாவில் அது கண்டறியப்பட்டால் 5 ஆண்டுகள் நுழையவே இயலாது.

காலக்கணக்கும் முக்கியம். கனடாவின் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையில் மொழித்தேர்வு முடிவு 2 ஆண்டுகளும், கல்வி மதிப்பீடு 5 ஆண்டுகளும் செல்லும். அழைப்பு வந்த பின் 60 நாள்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் அளித்தாக வேண்டும். அந்த 60 நாள்களில் பழைய முதலாளியைத் தேடத் தொடங்குபவர் அழைப்பையே இழக்க நேரிடும்.

இறுதியாக, முகவர்களைப் பற்றி. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கொடுத்தால் ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாகக் கூறுவோர் உண்டு. ஒதுக்கீட்டு இடம் விற்பனைப் பொருளன்று. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. பதிவெண்ணை அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் சரிபார்த்து, ரசீது பெற்ற பின்னரே பணம் கொடுங்கள். பாஸ்போர்ட்டை அவரிடம் விட்டுவைக்க வேண்டாம்.