மலைச் சைக்கிளுக்கு ஏற்ற முன்கவர்

சைக்கிளின் முன்சில்லை இருபுறமும் பற்றி நிற்கும் உறுப்பினைக் கடைக்காரர் 'போர்க்' என்பர். கவர் என்பது அதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல். தட்டையான வீதியில் ஓடும் சைக்கிளுக்கு இக்கவர் விறைத்த இரும்பாக இருப்பதே போதும். மலைச் சரிவிலும் கற்பாதையிலும் ஓடவென்று அமைந்த சைக்கிளுக்கு அது போதாது. கல்லில் மோதும் அதிர்ச்சி கவர் வழியே ஏறி ஓட்டுபவரின் மணிக்கட்டையும் தோளையும் தாக்குகின்றது. அதனினும் கேடானது, சில்லு நிலத்தை விட்டுத் துள்ளுவது. நிலத்தைத் தொடாத சில்லைக் கொண்டு திரும்பவும் முடியாது, பிறேக்குப் பிடித்து நிற்கவும் முடியாது. ஆகவேதான், மோட்டார்ச் சைக்கிளிற் போலக் குழாய்க்குள் குழாய் வழுக்கி அமிழ்ந்து மீளும் கவர் மலைச் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது.

அது வந்தது மிகப் பழங்காலத்திலன்று. 1970ஆம் ஆண்டுகளிலே கலிபோர்ணியாவின் தமல்பாயிஸ் மலைச் சாரலில், தடித்த ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களில் இளைஞர் சிலர் சரிவிறங்கி விளையாடியதிலிருந்து மலைச் சைக்கிள் வளர்ந்தது. அவர்களிடம் இருந்தவை விறைத்த கவர்களே. 1989ஆம் ஆண்டளவில் போல் ரேணர் என்பவர் 'றொக்‌ஷொக்ஸ்' என்ற பெயரில் அமிழும் கவரைச் சந்தைக்குக் கொணர்ந்தார். அது அமிழ்ந்த தூரம் 50 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 1990இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில் நடைபெற்ற உலகப் போட்டியிலே, சரிவிறங்கு பந்தயத்தைக் கிறெக் ஹேர்போல்ட் அத்தகைய கவருடன் வென்றார். இன்று 100 மில்லிமீற்றரும் 140 மில்லிமீற்றரும் சாதாரணமாகிவிட்டன. சரிவிறங்கு பந்தயச் சைக்கிள்களில் 200 மில்லிமீற்றர் வரை காணலாம்.

இவ்வளவு வகை இருப்பதனாலேயே வாங்குபவர் மயங்குகிறார். கூடுதலாக அமிழும் கவர் கூடுதலான நன்மை தரும் என்று எண்ணி, பழைய சட்டகத்திற்கு மிக நீண்ட கவரை வாங்கிப் பூட்டிவிடுகிறார். எந்தக் கவர் ஏற்றது என்பதைத் தீர்மானிப்பது அவர் கையிலுள்ள சட்டகமே.

இங்கு முதலில் அளக்க வேண்டியது, சில்லின் அச்சு நடுவிலிருந்து கவரின் முடி வரை உள்ள உயரம். பெரும்பாலோர் அளக்க மறப்பதும் இதனையே. இவ்வுயரம் 20 மில்லிமீற்றர் கூடினால், தலைக்குழாயின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை பின்னோக்கிச் சரியும்; பெடல் சுழலும் நடு அச்சும் 7 அல்லது 8 மில்லிமீற்றர் மேலெழும். ஒரு பாகை சிறிதெனத் தோன்றலாம். ஓட்டிப் பார்ப்பவருக்கு அது சிறிதன்று. ஏற்றத்தில் முன்சில்லு நிலை கொள்ளாது அங்குமிங்கும் அலையும். மெதுவாகச் செல்லும்போது ஹாண்டில் ஒரு பக்கமாகத் தானே மடங்கி விழப் பார்க்கும்.

இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விறைத்த கவருடன் வந்த 26 அங்குலச் சைக்கிள் ஒன்று ஒருவரிடம் இருக்கிறது. அதன் கவரின் உயரம் 400 மில்லிமீற்றர் என்று கொள்வோம். 470 மில்லிமீற்றர் உயரமும் 100 மில்லிமீற்றர் அமிழ்வும் உள்ள புதிய கவரை அவர் விரும்புகிறார். ஓட்டுபவர் ஏறி அமர்ந்தவுடன் அமிழும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தாழ்ந்துவிடும் என்பதால் 20 மில்லிமீற்றரைக் கழிக்கலாம். கழித்த பின்னும் 50 மில்லிமீற்றர் மிகுதி. இரண்டரைப் பாகை சரிந்த சைக்கிள் அவர் அறிந்த பழைய சைக்கிளாக இராது.

ஓட்டம் கெடுவதோடு இது நிற்பதில்லை. நீண்ட கவர் நீண்ட நெம்புகோல். ஒவ்வொரு மோதலிலும் அது தலைக்குழாயைப் பின்தள்ளி, கீழ்க்குழாய் பொருந்தும் இடத்தை முறுக்குகின்றது. உலோகம் ஒரே நாளில் உடைவதில்லை. பூச்சுக்கு அடியில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றி, மாதக்கணக்கில் வளர்ந்து, ஒருநாள் சரிவின் நடுவிலே சட்டகம் முன்னால் கழன்று போகும். அப்போது தரையில் மோதுவது ஓட்டுபவரின் முகம். சட்டகம் செய்தவர்கள் தாங்கக்கூடிய கவரின் எல்லையைக் குறித்துத் தருவது இக்காரணத்தாலேயே. குறிப்புக் கிடைக்காத பழைய சட்டகமாயின், முதலில் வந்த கவரின் உயரத்தையே எல்லையாகக் கொள்வது நலம்.

அடுத்தது கவரின் மேலே எழுந்து தலைக்குழாய்க்குள் நுழையும் தண்டு. பழையவற்றில் அது ஓரங்குலத் தண்டு, அதுவும் பெரும்பாலும் புரியிட்டது. பின்னர் ஓரங்குலமும் எட்டிலொன்றும், அதாவது 28.6 மில்லிமீற்றர் கொண்ட, புரியில்லாத தண்டு பரவியது. இக்காலத்துக் கவர்களிற் பெரும்பாலானவை மேலே அவ்வளவும், அடியில் ஒன்றரை அங்குலமுமாகப் பருத்து வருகின்றன. ஒல்லியான தண்டைப் பருத்த தலைக்குழாயில், உரிய வளையமும் குண்டுக்கிண்ணமும் இட்டுப் பொருத்திவிடலாம். பருத்த தண்டை 34 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பழைய தலைக்குழாயில் எவ்வாற்றானும் நுழைக்க முடியாது. உள்விட்டம் 44 மில்லிமீற்றராக இருந்தால், கீழ்க்கிண்ணத்தை வெளியே அமைத்து ஏற்றிக்கொள்ள வழியுண்டு.

தண்டின் நீளத்திலும் கண் வேண்டும், பழைய கவர் வாங்குவோருக்குச் சிறப்பாக. நீண்ட தண்டை வெட்டலாம். முன்னொருவர் தம் சைக்கிளுக்கென வெட்டிய தண்டை நீட்ட இயலாது. ஒட்டுப் போட்டு நீட்டித் தருவதாகச் சொல்பவர் கடைக்குள் காலெடுத்து வைக்காமலிருப்பதே பாதுகாப்பு.

சில்லின் அளவு பற்றிச் சொல்வதாயின், பெயரை நம்பலாகாது. மலைச் சைக்கிளின் 26 அங்குல றிம்மில் ரயர் அமரும் விட்டம் 559 மில்லிமீற்றர். வேறு 26 அங்குல ரயர்களும் உண்டு, ஒன்றேகால் அரைக்கால் அகலக்காரனுக்கோ விட்டம் 590. இருபத்தேழரைக்கு 584, இருபத்தொன்பதுக்கு 622. அச்சிலும் இவ்வாறே: 9 மில்லிமீற்றர் அச்சுக்கு 100 அகலம், 15 மில்லிமீற்றர் அச்சு 100இலும் 110இலும் வரும். 20 மில்லிமீற்றர் அச்சுக்கும் 110 என்றே எழுதியிருக்கும். ஆனால் பிறேக்குத் தட்டு நிற்கும் இடம் வேறாதலால் ஒன்றின் ஹப்பு மற்றதற்கு ஆகாது. றிம்மைப் பிடிக்கும் பிறேக்குக்கு வேண்டிய முளைகள் புதிய கவர்களில் அருகிவிட்டன. ஆதலால் பழைய சைக்கிளுக்குப் புதுக் கவர் தேடுபவர், கவரோடு சில்லும் பிறேக்கும் வாங்க நேர்ந்து, சைக்கிளின் விலையையே மீறிவிடுவதுண்டு. அந்நிலையில் 80 மில்லிமீற்றர் அமிழும் பழைய கவர் ஒன்றைத் தேடிப் பெறுவது புத்தி.

எல்லாம் பொருந்திய பின்பும் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. கவரின் காற்றை முழுதும் விட்டு, அல்லது சுருள்வில்லைக் கழற்றி, கவரைக் கடைசி வரை அமிழ்த்த வேண்டும். அப்போது ரயர் கவரின் முடியிலோ வளைவிலோ உரசுமாயின், பெரிய கல்லொன்றில் அமிழும் கணத்தில் சில்லு பூட்டியதுபோல் நின்றுவிடும். அதே நிலையில் ஹாண்டிலை இருபுறமும் திருப்பி, கவரின் முடி கீழ்க்குழாயில் இடிக்கின்றதா என்றும் பார்த்த பின்னரே தண்டை வெட்ட வாளை எடுக்க வேண்டும்.