வீட்டுப் பல்லியும் புற்றுப் பல்லியும்

(கழுகுமலை உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பருத்தியையும் உளுந்தையும் விட்டுவிட்டுப் பல்லியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று எண்ண வேண்டாம். பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் பார்க்கிறோம். அது எதைத் தின்கிறது என்று பார்ப்பதில்லை.

நம் பக்கத்துப் பல்லிகளில் பெரும்பாலானவை ஹெமிடாக்டைலஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. 'அரை விரல்' என்பது அதன் பொருள். உலகில் இதற்கு 170-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. விரலடித் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உள்ளன. சுவரைப் பற்றுபவை அவைதாம்; பசை ஏதும் கிடையாது.

விளக்கடியில் 'ச்சக், ச்சக்' என்று ஒலிப்பது ஃப்ரினேட்டஸ். விளக்கைத் தேடி வரும் அந்துப்பூச்சிகள்தாம் அதன் இரை. மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடப்பது லெசனால்டி. மூன்றாவது டிரைட்ரஸ், புற்றுப் பல்லி எனலாம். பகலில் கல்லிடுக்கிலும் கறையான் புற்றிலும் பதுங்கி, இரவில் தரையில் இரை தேடும். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் ஓரமிட்ட பட்டைகள் இருப்பதால், ஏதோ விஷப்பிராணி என்று அடித்துவிடுகிறார்கள். அதற்கு நஞ்சே கிடையாது. கறையானையும் பிற பூச்சிகளையும் தின்னும் பிராணி அது.

அதற்காகப் பல்லியை நம்பி உளுந்தைத் திறந்து வைக்கலாகாது. பயறு வண்டின் புழு பயற்றுக்குள்ளேயே வளர்வது, பல்லிக்கு எட்டாது. பயறை நன்கு காயவைத்து, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். பல்லி எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். எனவே குடிநீரையும் சமைத்த உணவையும் மூடியே வைக்க வேண்டும். பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுங்கள். அதை உண்டவர் வாந்தி எடுத்தால், 'பல்லி விஷம்' என்று கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல்லி பதுங்கும் அதே கற்குவியலில் சுருட்டை விரியனும் பதுங்கும். இருட்டில் ஏதேனும் கடித்து, கடித்தது எதுவென்று தெரியாவிட்டால், 'பல்லிதானே' என்று இருந்துவிடாதீர்கள். கடிவாயைக் கீறாமல், இறுகக் கட்டாமல், ஆளை நடக்கவிடாமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வரப்புக் கல்லைப் புரட்டுவதானால் வெறுங்கையை விடாதீர்கள். கம்போ கடப்பாரையோ கொண்டு, உங்களுக்கு எதிர்ப்பக்கம் திறக்குமாறு நெம்புங்கள். அடியில் புற்றுப் பல்லி இருந்தால் அது தானே ஓடிவிடும்.